கால்சியம் ஏறினால் எலும்புக்கு நல்லதா?

ஹெப்பகோடியை அடுத்த பொம்மசந்திராவில், 2009இல் தொடங்கிய மஜும்தார் ஷா புற்றுநோய் மருத்துவமனைக்கு ஓசூர் எல்லையைத் தாண்டி வரும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ரிப்போர்ட்டில் கால்சியம் 13 என்று இருந்தால் அது அவசரம்.

நம்பிக்கை: கால்சியம் கூடினால் எலும்பு பலமாக இருக்கிறது.

உண்மை: பெரும்பாலும் எலும்பு கரைகிறது என்று பொருள். ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருப்பதே இயல்பு. வெளிநோயாளிகளிடம் அது ஏற முதல் காரணம், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்வது. வார்டில் படுத்திருப்பவர்களிடம் முதல் காரணம் புற்றுநோய். சில கட்டிகள் எலும்புக்குப் பரவாமலேயே, பாராதைராய்டு ஹார்மோனைப் போன்ற ஒரு புரதத்தைச் சுரந்து எலும்பை அரிக்கும்.

நம்பிக்கை: பாலும் கேழ்வரகும் அதிகம் சாப்பிட்டதால் வந்தது.

உண்மை: சாப்பாட்டால் மட்டும் ஏறுவது மிக அரிது. களியை விட்டுவிட்டு மருந்துப் பையைப் பாருங்கள். கால்வலிக்கென்று ஆறு லட்சம் யூனிட் வைட்டமின் டி ஊசியை அடுத்தடுத்துப் போட்டுக்கொள்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அது கொழுப்பில் தங்கி, நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் கால்சியத்தை ஏற்றும். இந்தப் பழக்கம் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. தயாசைடு வகை பிரஷர் மாத்திரை, லித்தியம், காசநோய் ஆகியவையும் காரணமாகலாம்.

நம்பிக்கை: பெரியவர் உளறுகிறார், தூங்கிக்கொண்டே இருக்கிறார், வயசாகிவிட்டது.

உண்மை: நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று தடுமாறினால் வயதைக் காரணம் காட்டாதீர்கள். தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், பசியின்மை, சோர்வு, பிறகு குழப்பம்: கால்சியம் ஏறும்போது இவை சேர்ந்து வரும். தாகமும் சிறுநீரும் சர்க்கரை நோயை நினைவூட்டுவதால் கவனம் அங்கே போய்விடுகிறது. சிறுநீரில் நீர் வெளியேற உடல் வறளும். வறள வறள கால்சியம் இன்னும் ஏறும். அதனால்தான் முதலில் சலைன் ஏற்றுகிறார்கள். எலும்பு கரைவதைத் தடுக்கும் சொலெட்ரோனிக் அமில ஊசி வேலை செய்ய இரண்டு நாளுக்கு மேல் ஆகும். 14ஐத் தாண்டினால் இதயத் துடிப்பும் பாதிக்கப்படலாம்.

நம்பிக்கை: ரிப்போர்ட் நார்மல், கவலையில்லை.

உண்மை: ரத்தக் கால்சியத்தில் ஏறக்குறைய பாதி அல்புமின் போன்ற புரதங்களோடு ஒட்டியிருக்கும். நெடுநாள் படுக்கையில் இருப்பவருக்கு அல்புமின் 4இலிருந்து 2க்கு இறங்கியிருந்தால், 9.8 என்ற கால்சியத்தை 11.4 என்று கணக்கிட வேண்டும். 'அல்புமினையும் சேர்த்துப் பார்த்தீங்களா டாக்டர்?' என்று கேட்கத் தயங்காதீர்கள்.