பட்டறை வாசலில் முடியும் விற்பனை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய வேலந்தாவளத்தில் பட்டறை அமைத்துச் சுடுமண் உருவங்கள் வனையத் தொடங்கியிருக்கும் இளம் கலைஞருக்கு,

‘நேரில் வந்து எடுத்துச் செல்ல வேண்டும்’ என்ற குறிப்புடன் இணையத்தில் விற்பனைக்கு வைக்கப்பட்ட ஓர் உருவத்தை வெளியூரில் இருக்கும் ஒருவர் விரும்பி, தம்மால் வர இயலாது என்றும் தாமே ஒரு கூரியரை ஏற்பாடு செய்து அனுப்புவதாகவும் எழுதும்போது, அந்தக் கோரிக்கையை ஏற்பதா மறுப்பதா என்பது கலைஞரின் மனப்போக்கைப் பொறுத்த சிறு விஷயம் போலத் தோன்றும். உண்மையில் அது, விற்பனை எந்த இடத்தில் முடிகிறது, வழியில் உடைந்தால் இழப்பு யாரைச் சேரும் என்னும் இரண்டு கேள்விகளுக்கு விடை கண்ட பிறகே முடிவு செய்யப்பட வேண்டிய விஷயம். அந்த விடைகள் இந்தியச் சட்டத்தில் ஏறக்குறைய நூறாண்டுகளாக எழுதப்பட்டே இருக்கின்றன. கோரிக்கையை ஏற்கலாம், ஏற்பதே கலைக்கும் கலைஞருக்கும் நல்லது, ஆனால் ஒப்படைக்கும் கணம் ஐயத்துக்கு இடமின்றி வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே இக்கடிதம் சொல்ல வந்தது.

சுடுமண் உருவத்தை அனுப்பிவைக்கக் கலைஞர் தயங்குவதில் தவறில்லை. சூளையில் வெந்த மண் தன்மேல் இறங்கும் பாரத்தைப் பெருமளவு தாங்கும். பக்கவாட்டு அதிர்வையும் திடீர் மோதலையும் தாங்காது. குதிரையின் காது, உயர்த்திய கை, மெலிந்த கழுத்து போன்ற துருத்திய பகுதிகளே முதலில் போகும். சித்தூர் வட்டத்திலேயே உள்ள பெருவெம்பில் பலாக்கட்டையில் மத்தளம் கடைபவர்களுக்கும், தஞ்சாவூரில் கண்ணாடிச் சட்டமிட்ட ஓவியம் செய்பவர்களுக்கும், மாமல்லபுரத்தில் கல் செதுக்குபவர்களுக்கும் வெவ்வேறு வடிவில் இதே கவலை உண்டு. ஆயினும் நேரில் வரக்கூடியவருக்கு மட்டுமே விற்பது என்று உறுதியாக நின்றுவிட்டால், வேலந்தாவளத்துக் கலைஞரின் சந்தை பாலக்காட்டிலும் கோயம்புத்தூரிலும் காரோ நேரமோ உள்ள சிலரோடு சுருங்கிவிடும்; சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் ஒருவர் தம் பொறுப்பில் வண்டி அனுப்பத் தயாராக இருக்கும்போது அவரைத் திருப்பி அனுப்புவது இழப்பு.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்க்கலாம். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, பொருளை வாங்குபவர் வந்து எடுத்துக்கொள்வதா, விற்பவர் அனுப்பிவைப்பதா என்பது இருவருக்கும் இடையிலான ஒப்பந்தத்தைப் பொறுத்தது என்றும், ஒப்பந்தம் எதுவும் சொல்லாத இடத்தில், விற்கும் நேரத்தில் பொருள் எங்கே இருக்கிறதோ அங்கேயே ஒப்படைக்கப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. அதாவது ‘நேரில் எடுத்துச் செல்க’ என்பது விற்பவர் கேட்கும் சலுகை அன்று. வேறு பேச்சு இல்லாதபோது சட்டம் கருதும் இயல்பான நிலையே அதுதான். 33ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே சென்று, வாங்குபவரிடமோ அவர் சார்பில் பொருளை வைத்துக்கொள்ள அதிகாரம் பெற்றவரிடமோ பொருள் சேருமாறு செய்வதும் ஒப்படைப்பே என்கிறது. வாங்குபவர் அமர்த்திய கூரியர்காரர் அவ்வாறு அதிகாரம் பெற்றவர்; அவர் கையில் உருவம் சேர்ந்த கணத்தில் ஒப்படைப்பு முடிந்துவிடுகிறது. பொருளுக்கு நேரும் சேதத்தின் பொறுப்பு உரிமையுடன் சேர்ந்தே மாறும் என்று 26ஆம் பிரிவு கூறுவதால், உரிமை எப்போது மாறும் என்பதையும் ஒரே வரியில் எழுதிக்கொள்வது நல்லது: ‘பட்டறை வாசலில் கூரியர்காரர் பெற்றுக்கொண்டதும் உரிமையும் பொறுப்பும் வாங்குபவருடையவை.’

இவ்வளவு தெளிவான நிலை குலைவது பெரும்பாலும் ஒரு நல்ல மனத்தால்தான். வாங்குபவர் இரண்டு மூன்று கூரியர்களிடம் கேட்டுப் பார்த்து அலுத்துப்போய், “நீங்களே பார்சல் ஆபீஸில் புக் பண்ணிவிடுங்கள், காசை நான் போட்டுவிடுகிறேன்” என்பார். கலைஞரும் இரக்கப்பட்டு, உருவத்தைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்த் தம் பெயரில் பதிவு செய்துவிடுவார். அந்த இடத்தில் சட்டநிலை மாறிவிடுகிறது. வாங்குபவரின் இசைவுடன் விற்பவரே சரக்கை அனுப்பும்போது, போக்குவரத்து நிறுவனத்திடம் கொடுப்பது வாங்குபவரிடம் கொடுத்ததாகவே முதற்கண் கருதப்படும் என்று 39ஆம் பிரிவு கூறினாலும், அந்த நிறுவனத்துடன் வாங்குபவருக்காக நியாயமான ஒப்பந்தம் செய்யும் கடமையை அதே பிரிவு விற்பவர்மேல் வைக்கிறது. அந்தக் கடமையில் தவறி, வழியில் பொருள் சேதமானால், ‘இது எனக்குக் கிடைத்ததாக ஏற்கமாட்டேன்’ என்று சொல்ல வாங்குபவருக்கு உரிமை பிறக்கிறது.

நியாயமான ஒப்பந்தம் என்பதன் பொருள், 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தைப் பார்த்தால் விளங்கும். சரக்கு ஏற்றிச் செல்வதைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கான இச்சட்டம், வீட்டுக்கு வீடு கொண்டுசேர்க்கும் கூரியர் நிறுவனங்களையும் உள்ளடக்கியது. அஞ்சல் துறைக்கு இது பொருந்தாது. சரக்கை ஒப்படைப்பவர், அதாவது பார்சல் ஆபீஸில் ‘கன்சைனர்’ எனப்படுபவர், சரக்கின் மதிப்பையும் தன்மையையும் அறிவித்துக் குறிப்பு ஒன்றைத் தர வேண்டும். நிறுவனம் அதற்கு ஈடாக ரசீது, பேச்சு வழக்கில் ‘எல்.ஆர்.’, தர வேண்டும். சரக்கு தொலைந்தாலோ உடைந்தாலோ நிறுவனத்தின் அசட்டையை உரிமையாளர் நிரூபிக்க வேண்டியதில்லை என்பது இச்சட்டம் தரும் பெரிய பாதுகாப்பு. ஆனால் அதன் கீழ் 2011இல் வந்த விதிகளின்படி, கூடுதல் பொறுப்புக் கட்டணத்துக்கு முன்பே உடன்பட்டிருந்தாலொழிய, இழப்பீடு செலுத்திய கட்டணத்தின் பத்து மடங்கைத் தாண்டாது. பதினெட்டாயிரம் ரூபாய்க்கு விற்ற குதிரையை நானூறு ரூபாய்க் கட்டணத்தில் அனுப்பினால், அது தூளாகப் போய்ச் சேர்ந்தாலும் கிடைக்கக்கூடியது அதிகபட்சம் நாலாயிரம். வழக்குத் தொடுக்கும் முன், பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்திருக்கவும் வேண்டும். இவற்றையெல்லாம் எடைபோட்டு முடிவெடுக்க வேண்டியவர் பொருளின் புதிய உரிமையாளரே. அதனால்தான் ரசீதில் கன்சைனராக வாங்குபவரின் பெயரே இருக்க வேண்டும், பதிவும் கட்டணமும் அவர் வழியாகவே நடக்க வேண்டும் என்பது இக்கடிதத்தின் அழுத்தமான அறிவுரை.

பொதிகட்டல், அதாவது பேக்கிங், இதைவிட நுட்பமானது. ஒப்படைக்கத்தக்க நிலைக்குப் பொருளைக் கொண்டுவரும் செலவு, வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாதவரை, விற்பவருடையது என்று 36ஆம் பிரிவே கூறுகிறது. நேரில் வருபவர் பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்துக் கொண்டுபோவார். அவருக்கு ஒப்படைக்கத்தக்க நிலை அதுவே. கூரியர் வண்டியில் ஏறும் உருவத்துக்கு அது போதாது. எனவே கட்டுவது யார், எதைக்கொண்டு, எவ்வளவு செலவில் என்று விலை பேசும்போதே சொல்லிவிட வேண்டும். இந்த ஒரு வேலையை மட்டும் கலைஞர் பிறரிடம் விடாமல் தாமே செய்து, அதற்குத் தனிக் கட்டணம் பெறுவது சிறந்தது. ஏனெனில் உருவத்தின் எந்த இடம் மெல்லியது, எந்த ஒட்டு சூளையில் சற்றே விரிந்தது என்பது வனைந்த கைக்கு மட்டுமே தெரியும். பொள்ளாச்சியிலிருந்து சித்தூர் வரை தென்னந்தோப்புகள் நிறைந்த வட்டாரம் இது. தேங்காய் நார் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் பபுள் உறையை மட்டும் நம்ப வேண்டியதில்லை. உள்ளீடற்ற பகுதிகளில் நாரைத் தளர்வாக நிரப்பி, துருத்திய பகுதிகளைத் தனித்தனியே சுற்றி, உருவத்தின் எடை முழுவதும் அடிப்பீடத்தில் இறங்குமாறு மரச்சட்டத்துக்குள் நிறுத்தினால், அட்டைப்பெட்டியில் உடையக்கூடிய பலவும் உடையாமல் போய்ச் சேரும். பெரிய உருவங்களைப் பகுதி பகுதியாக வனைந்து, சுட்ட பிறகு பொருத்தும் முறையைக் கையாள்வதும் உதவும். எங்கே பிரியலாம் என்பதை உருவம் மனத்தில் தோன்றும்போதே தீர்மானிப்பவருக்கு, போக்குவரத்து என்பது கலைக்குப் புறம்பான தொல்லையாக இராது.

வாசலில் ஒப்படைத்ததோடு கலைஞரின் கடமை முற்றிலும் தீர்ந்துவிட்டதாகக் கொள்வதும் பிழை. முன்பு பார்த்திராத பொருளைச் சோதிக்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை, வாங்குபவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருத முடியாது என்று 41ஆம் பிரிவு கூறுகிறது. கூரியர்காரர் பொருளைச் சுமக்க வந்தவர், சோதிக்க வந்தவர் அல்லர். ஆகவே வண்டியில் நேர்ந்த உடைசலுக்கு வாங்குபவர் பொறுப்பு என்றாலும், விளம்பரத்தில் சொல்லாத கீறலுக்கும் தவறாகக் குறித்த உயரத்துக்கும் கலைஞரே பொறுப்பு. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டக்கூடியது ஒப்படைக்கும் நேரத்து ஒளிப்படமே: கட்டுவதற்கு முன் நான்கு பக்கமும், கட்டிய பின் ஒன்றும், கூரியர்காரர் வண்டியில் ஏற்றும்போது ஒன்றும் எடுத்து, அப்போதே வாங்குபவருக்கு அனுப்பிவிட வேண்டும். ஈபே போன்ற வெளிநாட்டு இணையச் சந்தைகள், நேரில் எடுத்துச் செல்லும் விற்பனையில் வாங்குபவர் காட்டும் கியூஆர் குறியீட்டையோ ஆறிலக்க எண்ணையோ விற்பவர் பதிவு செய்யும் முறையை வைத்திருப்பதும் இதற்காகத்தான். கூரியரின் வருகைக்கும் அதுபோல ஓர் எண்ணை முன்பே ஒப்புக்கொண்டு, அதைச் சொல்பவரிடம் மட்டுமே பொருளைத் தருவது எளிய காவல்.

பணம் கணக்கில் வந்து சேர்ந்ததை வங்கிச் செயலியிலேயே பார்த்த பிறகுதான் உருவம் வாசலைத் தாண்ட வேண்டும். அனுப்பியதாகக் காட்டும் திரைப்பிடிப்பு பணம் ஆகாது. ‘என் கூரியர்’ என்ற பெயரில் நடக்கும் மோசடிகள் இரண்டு வகையில் அடங்கும். கூரியர் கட்டணத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டதாகச் சொல்லி, அதை வருகிற ஆளுக்கு விற்பவரே கொடுக்குமாறு கேட்பது ஒன்று. பணம் பெறுவதற்கென்று கியூஆர் குறியீட்டை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து யுபிஐ ரகசிய எண்ணை இடச் சொல்வது மற்றொன்று. பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுத் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்குள் தடுக்க அந்த முதல் சில மணி நேரமே வாய்ப்பு.

வேலந்தாவளத்துக் கலைஞருக்கு மட்டும் கூடுதலாக ஒரு பாடம் உண்டு, அது எல்லை. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததோடு விற்பனை வரிச் சோதனைச்சாவடிகளின் காலம் முடிந்ததால், கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் அனுப்பும் வண்டி எல்லையைக் கடந்து திரும்புவதை உள்ளூர் விற்பனையாகவே எண்ணத் தோன்றும். வரிச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பொருள் நகரும் விற்பனையில், நகர்த்துபவர் விற்பவரா வாங்குபவரா என்பதைப் பொருட்படுத்தாமல், பயணம் முடியும் இடமே வரிக்கணக்கில் ‘வழங்கல் இடம்’. 2023 அக்டோபர் 1 முதல், வரிப் பதிவு பெறாத ஒருவருக்கு விற்கும்போது விற்பனைச் சீட்டில் குறித்த அவரது முகவரியே வழங்கல் இடம். ஆகவே பத்துக் கிலோமீட்டர் பயணமானாலும் அது மாநிலங்களுக்கிடையிலான விற்பனை. கைவினைப் பொருள்கள் என அறிவிக்கப்பட்ட பட்டியலில் அடங்குபவற்றுக்கு, ஆண்டு மொத்த விற்பனை இருபது லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை, மாநிலம் விட்டு மாநிலம் விற்றாலும் வரிப் பதிவு தேவையில்லை. ஆனால் ‘பான்’ எனப்படும் நிரந்தரக் கணக்கு எண்ணும், பொருளின் மதிப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் மின்வழிச் சீட்டும், அதாவது ‘இ-வே பில்’லும், கட்டாயம். பிறர் ஐம்பதாயிரம் ரூபாய் வரை கவலைப்படாத அந்தச் சீட்டைக் கலைஞர் முதல் ரூபாயிலிருந்தே எடுக்க வேண்டும் என்பது பலரும் அறியாதது. இணையச் சந்தை நிறுவனத்தின் வழியே விற்பவருக்குக் கிடைத்த பதிவு விலக்கோ மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனைக்கு மட்டுமே உரியது.

வண்டியைப் பற்றியும் வாங்குபவரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பர்மிட் வேண்டியதில்லை. பெரிய வண்டிக்குக் கேரளத்துக்குள் வர அனுமதி இருக்க வேண்டும். ஏற்றுக்கூலி யாருடையது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். வேலை செய்யாமல் பார்த்து நிற்பதற்குக் கேட்கும் நோக்குக்கூலியைக் கேரள அரசு 2018 மே 1 முதல் ஒழித்துவிட்டது. வெளியூர் ஓட்டுநரிடம் அதை யாரேனும் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை என்று துணிந்து சொல்லும் பொறுப்பு உள்ளூர்க்காரரான கலைஞருக்கு உண்டு.

பணம் செலுத்திவிட்டுக் கூரியரை அனுப்பாமல் வாரக்கணக்கில் இழுத்தடிப்பவர்களும் உண்டு. எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டும் நியாயமான காலத்தில் எடுக்காதவர், அதனால் வந்த இழப்புக்கும் பாதுகாப்புச் செலவுக்கும் பொறுப்பாவார் என்கிறது 44ஆம் பிரிவு. கேட்டது வாய்ப்பேச்சாக இல்லாமல் வாட்ஸ்அப்பிலேனும் தேதியுடன் இருந்தால்தான் அந்தப் பிரிவு கைகொடுக்கும்.

மேற்கூறியவை அனைத்தும் ஒரே தாளில் அடங்கும்: உருவத்தின் பெயர், அளவு, உள்ள குறைகள், விலை, கட்டும் செலவு, கன்சைனர் பெயர், எடுத்துச் செல்ல வேண்டிய கடைசி நாள், உரிமையும் பொறுப்பும் மாறும் இடம், கூரியர்காரரின் கையொப்பம். கோயம்புத்தூரிலிருந்து வரும் ஓட்டுநருக்கும் பாலக்காட்டிலிருந்து வருபவருக்கும் புரியும்படி அது தமிழிலும் மலையாளத்திலும் இருக்கட்டும். அடுத்த உருவம் சூளையிலிருந்து இறங்குவதற்குள் அந்தத் தாள் அச்சாகிப் பட்டறையில் இருக்க வேண்டும் என்பதே இளம் கலைஞரிடம் வைக்கப்படும் வேண்டுகோள்.