எழுதும் இடத்திலேயே கடிதம்: ஈமேக்ஸிலும் விம்மிலும் மின்னஞ்சல்

நாள் முழுக்க எடிட்டரில் எழுதிப் பழகிய விரல்களுக்குப் பிரவுசரின் சின்னக் கட்டத்துக்குள் நீண்ட பதில் எழுதுவது பெரிய வதை. கைக்குப் பழகிய குறுக்குவிசை எதுவும் அங்கே செல்லாது. ஒரு பத்தியைத் தூக்கி மேலே வைக்கக்கூட மவுஸைத் தேட வேண்டும். இப்போது என் கடிதங்களை ஈமேக்ஸுக்குள்ளேயே படிக்கிறேன், எழுதுகிறேன், அனுப்புகிறேன். இதற்கு முன் இரண்டு முறை தொடங்கிப் பாதியில் விட்டிருக்கிறேன். இரண்டு முறையும் செய்த தவறு ஒன்றுதான். எந்த மென்பொருள் நல்லது என்று விசாரித்தேன். என் கடிதங்கள் எங்கே குடியிருக்க வேண்டும் என்று யோசிக்கவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் மென்பொருள் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

அதற்கும் முன்னால் ஒரு தடையைப் பார்த்துவிடுங்கள்: உங்கள் அஞ்சல் கணக்கு வெளி நிரல்களை உள்ளே விடுமா? ஜிமெயில் 2022 மே 30 முதல் தனிநபர் கணக்குகளுக்கு வெறும் கடவுச்சொல்லை ஏற்பதில்லை. இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துள்ள தனி 'ஆப் பாஸ்வேர்டு' ஒன்றை உருவாக்கிக்கொண்டால் வேலை நடக்கும். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் 2022 அக்டோபரிலிருந்து பழைய கடவுச்சொல் வழியை அடைக்கத் தொடங்கியது. அலுவலகக் கணக்கு அங்கே இருந்தால் ஓஆத் டோக்கன் வாங்கித் தரும் துணை நிரலோ, டேவ்மெயில் போன்ற இடைப்பாலமோ தேவைப்படும். வெளி நிரல்கள் கடிதங்களை எடுக்கும் வழியான ஐமேப்பையே நிர்வாகி மூடி வைத்திருந்தால் கீழே எழுதியிருக்கும் பெரும்பாலானவை உங்களுக்குப் பயன்படா. முதலில் அவரிடம் கேட்டுவிடுங்கள். ஒரு வார உழைப்பு மிஞ்சும்.

சரி, கதவு திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எடிட்டரில் மின்னஞ்சல் என்று சொன்னாலும் அது ஒரே நிரல் செய்யும் வேலை இல்லை. சர்வரிலிருந்து கடிதங்களை இறக்க ஒன்று, இறக்கியதை அட்டவணையிட்டுத் தேடித் தர ஒன்று, அனுப்ப ஒன்று என்று தனித்தனி நிரல்கள் பின்னால் உழைக்கின்றன. எடிட்டர் செய்வது காட்டுவதும் எழுதவைப்பதும். பகுதிகள் பல என்பதால் தொடக்கத்தில் தலை சுற்றும். ஆனால் ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பலம்.

கடிதங்கள் குடியிருக்க இரண்டு இடங்கள் உண்டு. சர்வரிலேயே விட்டுவிட்டு, தேவையானபோது எட்டிப் பார்ப்பது ஒன்று. முழு நகலையும் நம் வட்டில் வைத்துக்கொள்வது இன்னொன்று. நான் இரண்டாவதன் பக்கம். வட்டில் வைக்கும்போது பெரும்பாலும் பயன்படுவது மெயில்டிர் என்னும் அமைப்பு. டேனியல் பெர்ன்ஸ்டைன் தம் கியூமெயில் சர்வருக்காக வகுத்தது. ஒரு கடிதத்துக்கு ஒரு கோப்பு. புதியவை, பார்த்தவை, இறங்கிக்கொண்டிருப்பவை என்று மூன்று உள்கோப்புறைகள். இவ்வளவுதான். இணையம் இல்லாத ரயில் பயணத்திலும் பத்தாண்டுக் கடிதங்களைத் தேடலாம். காப்புப் பிரதி வேண்டுமானால் கோப்புறையைப் பிரதி எடுத்தால் போதும். எந்த நிரல் நாளை மறைந்தாலும் கடிதம் வெறும் உரைக்கோப்பாக மிஞ்சும். சர்வரையும் வட்டையும் ஒத்திசைக்க எம்பிசிங்க், ஆஃப்லைன்ஐமேப் இரண்டும் உண்டு. முதலாவது வேகமானது, அமைப்புக் கோப்பும் தெளிவானது. அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஈமேக்ஸோடு கூடவே வருவது ஆர்மெயில். வழக்கமான அமைப்பில் அது அஞ்சல்பெட்டியிலிருந்து கடிதங்களை எடுத்துத் தன் கோப்புக்குள் போட்டுக்கொண்டு மூலத்தை அழித்துவிடும். கைப்பேசியிலும் அதே கடிதத்தைப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு இது ஒத்துவராது. கடந்து போகலாம்.

க்னூஸும் ஈமேக்ஸுடனேயே வருகிறது. ஜப்பானைச் சேர்ந்த மசனோபு உமேதா 1980களில் எழுதியதை நார்வேக்காரரான லார்ஸ் இங்கெப்ரிக்ட்சன் 1990களில் புதிதாகத் திருப்பி எழுதினார். இது யூஸ்நெட் செய்திகளைப் படிக்கப் பிறந்தது. அந்தப் பிறவிக்குணம் இன்றும் போகவில்லை. படித்த கடிதம் கண்ணிலிருந்து மறையும். படிக்காத கடிதம் இல்லாத குழுவே பட்டியலிலிருந்து மறையும். புதிதாக வருகிறவர் அஞ்சலெல்லாம் அழிந்துவிட்டதோ என்று பதறுவார். எதுவும் அழியவில்லை, செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டது, அவ்வளவுதான். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான கடிதங்கள் வரும் அஞ்சல் குழுக்களைப் பின்தொடர்கிறவருக்கு இந்தக் குணம் ஒரு வரம். எந்த எழுத்தாளர், எந்தத் தலைப்பு என்று பார்த்து மதிப்பெண் போட்டு, வேண்டியதை மேலே கொண்டுவரும். ஐமேப் சர்வரோடு நேராகப் பேசும் என்பதால் இறக்கும் நிரலே தேவையில்லை. குறை என்னவென்றால், அஞ்சல் எடுத்து வரும்வரை ஈமேக்ஸ் முழுவதும் உறைந்து நிற்கும். எழுதிக்கொண்டிருக்கும் வாக்கியத்தின் நடுவே அப்படி நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

பெரும்பாலோருக்கு நான் சொல்வது மியூ4இ. டிர்க்-யான் பின்னெமா எழுதிய மியூ என்ற தேடல் நிரலின் ஈமேக்ஸ் முகம் இது. அட்டவணையிடும் வேலையை ஸேபியன் நூலகம் பார்த்துக்கொள்கிறது, ஈமேக்ஸ் உறைவதில்லை. ஃபோல்டர், குப்பை, காப்பகம் என்று நமக்குப் பழகிய உலகம் அப்படியே இருக்கும். ஒவ்வொரு கடிதத்தின் மேலும் குறியிட்டுக்கொண்டே போய், கடைசியில் எக்ஸ் விசையை அழுத்தினால் மொத்தமும் ஒரே மூச்சில் நிறைவேறும். காலையில் ஐம்பது கடிதங்களைப் பிரித்து அடுக்க இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை. நீங்கள் செய்தது சர்வருக்கும் போய்ச் சேரும் என்பதால் கைப்பேசியிலும் அதே ஒழுங்கு தெரியும்.

ஆனால் மூன்று இடங்களில் கால் இடறும். முதலாவது, மியூவும் மியூ4இயும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். இரண்டையும் லினக்ஸ் விநியோகத்தின் ஒரே பொதியிலிருந்து எடுத்துக்கொள்வது நல்லது. இரண்டாவது, எம்பிசிங்க்கோடு சேர்த்துப் பயன்படுத்தினால், கடிதத்தை நகர்த்தும்போது கோப்பின் பெயரையும் மாற்றச் சொல்லும் அமைப்பை இயக்கியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஒரே அடையாள எண் இரண்டு கோப்புகளுக்கு வந்து ஒத்திசைவு நின்றுபோகும். மூன்றாவதுதான் வலிக்கும். சின்ன 'டி' விசை கடிதத்தைக் குப்பை ஃபோல்டருக்கு நகர்த்துவதோடு, அழிக்கத் தக்கது என்ற கொடியையும் அதன்மேல் ஏற்றிவிடும். இரு பக்கமும் துப்புரவு செய் என்று எம்பிசிங்க்கில் எழுதியிருந்தால் அடுத்த ஒத்திசைவில் அது குப்பையிலிருந்தும் போய்விடும். முப்பது நாள் குப்பையில் கிடக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

நாட்மச் வேறு மனநிலை. கார்ல் வொர்த் 2009இல் தொடங்கியது. அடியில் அதே ஸேபியன் இருந்தாலும் இங்கே ஃபோல்டர்களுக்குப் பெரிய மதிப்பில்லை, எல்லாம் டேக்குகள்தான். ஒரு கடிதத்துக்கு 'வீடு', 'வரி', 'பதில் எழுத வேண்டும்' என்று மூன்று டேக் ஒட்டலாம். தேடினால் தனிக் கடிதமாக இல்லாமல் முழு உரையாடலும் திரண்டு வரும். கடிதக் கோப்பை நாட்மச் தானாக அழிக்காது என்பது அதன் பெரிய நல்ல குணம். ஜிமெயிலில் ஒரே கடிதம் மூன்று லேபிளில் இருந்தால் மூன்று நகல்களாக இறங்கும். நாட்மச் அவற்றை ஒன்றாகவே காட்டும். இதற்கு விலையும் உண்டு. படித்தது, கொடியிட்டது போன்ற சில அடையாளங்கள் தவிர, நீங்கள் ஒட்டிய டேக்குகள் இந்தக் கணினியின் தரவுத்தளத்தில் மட்டும் இருக்கும். கைப்பேசிக்கு அவை தெரியாது. இரண்டு கணினி வைத்திருந்தால் மச்சிங்க் என்ற நிரலைக் கொண்டு ஒத்திசைக்கலாம். ஜிமெயில் லேபிள்களோடு இணைக்க லியர் என்ற நிரல் இருக்கிறது. எப்படியானாலும் டேக்குகளைத் தனியாக உரைக்கோப்பாக எடுத்து வையுங்கள். கடிதக் கோப்புகளுக்குள் அவை இருப்பதில்லை.

ஒரே கணினியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர், எதையும் அழிக்காமல் தேடியே வாழ்கிறவர் நாட்மச்சுக்குப் போகலாம். பேருந்தில் கைப்பேசியில் பாதி, வீட்டில் பாதி என்று கடிதம் பார்ப்பவர் மியூ4இயோடு இருப்பது நல்லது. நான் இரண்டாவது வகை.

விம் பழக்கமுள்ளவர்கள் ஈமேக்ஸுக்கு மாற வேண்டியதில்லை. மைக்கேல் எல்கின்ஸ் 1995இல் எழுதிய மட் என்ற டெர்மினல் அஞ்சல் நிரல், கடிதம் எழுதும் நேரம் வந்ததும் உங்கள் எடிட்டரைத் திறந்து கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். தலைப்புவரிகளையும் விம்முக்குள்ளேயே திருத்தும்படி அமைக்கலாம். இன்று புதிதாகத் தொடங்குகிறவர் அதிலிருந்து கிளைத்த நியோமட்டையோ, கோ மொழியில் எழுதப்பட்ட ஏர்க்கையோ எடுக்கலாம். இரண்டுமே நாட்மச் தரவுத்தளத்தைப் படிக்கும். லினக்ஸ் கெர்னலுக்கு நிரல்திருத்தம் அனுப்புகிற பலரின் வழி இது. கெர்னல் அஞ்சல் குழுக்கள் ஹெச்டிஎம்எல் கடிதங்களை ஏற்பதே இல்லை.

தமிழில் கடிதம் எழுதுகிறவர் இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். பல டெர்மினல்களில் தமிழ் ஒழுங்காக வருவதில்லை. கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி நிற்கும்; கர்சர் ஓரிடத்தில் இருக்க, எழுத்து வேறிடத்தில் விழும். ஈமேக்ஸின் சாளரப் பதிப்பு 2020இல் வந்த 27ஆம் பதிப்பிலிருந்து ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தைக் கொண்டு எழுத்துகளைக் கோக்கிறது. தமிழ் அழகாக இருக்கிறது. அண்மைப் பதிப்புகளில் தமிழ்99 உள்ளீடும் உள்ளேயே உண்டு. அம்மாவுக்கும் நண்பர்களுக்கும் தமிழில் எழுதுகிறவன் என்ற முறையில், எனக்கு மட்டை ஒதுக்க இந்த ஒரு காரணமே போதுமாக இருந்தது. இன்னொன்று: அஞ்சல் குழுவுக்கு எழுதும்போது 72 எழுத்தில் வரியை முறிப்பது வழக்கம். வீட்டாருக்கு எழுதும்போது அதை நிறுத்திவிடுங்கள். கைப்பேசித் திரையில் அந்த வரிகள் துண்டு துண்டாக உடைந்து தெரியும்.

வங்கி அறிக்கைகள், பயணச்சீட்டுகள் போன்ற அட்டவணை நிறைந்த கடிதங்கள் எந்த எடிட்டரிலும் சுமாராகத்தான் தெரியும். ஒரு விசையில் பிரவுசருக்கு அனுப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். அனுப்புவதற்கு ஈமேக்ஸின் சொந்த வசதியே போதும். பல கணக்குகள் இருந்தால் எம்எஸ்எம்டிபி சுலபம். கடவுச்சொல்லை மட்டும் வெறும் கோப்பில் எழுதி வைக்காமல் ஜிபிஜியால் பூட்டி வையுங்கள்.

இவ்வளவும் வேண்டாம், நல்ல எடிட்டரில் எழுதினால் போதும் என்கிறீர்களா? தண்டர்பேர்டை அப்படியே வைத்துக்கொண்டு 'எக்ஸ்டர்னல் எடிட்டர் ரிவைவ்டு' என்ற நீட்சியை நிறுவினால், எழுதும் நேரத்தில் மட்டும் உங்கள் எடிட்டர் திறக்கும். வாரத்துக்குப் பத்துக் கடிதம் எழுதுகிறவருக்கு இதற்கு மேல் தேவையில்லை.

மற்றவர்களுக்கு, முதல் வாரத்துக்கு ஒரு வேண்டுகோள். நான் முதன்முறை தொடங்கியபோது, வட்டில் இருப்பது நகல்தானே என்று நினைத்து ஒரு ஃபோல்டரில் பழைய கடிதங்களைத் துடைத்தேன். அடுத்த ஒத்திசைவில் அவை சர்வரிலும் போயின. அவற்றில் சில, இப்போது உயிரோடு இல்லாத ஒருவர் எழுதியவை. எம்பிசிங்க்கின் அமைப்பில் 'சிங்க் புல்' என்று எழுதினால் சர்வரிலிருந்து வட்டுக்கு மட்டும் வரும். நீங்கள் இங்கே செய்யும் எதுவும் அங்கே போகாது. ஏழு நாள் அப்படியே வைத்துக்கொண்டு குறியிடுங்கள், நகர்த்துங்கள், அழித்தும் பாருங்கள். எட்டாம் நாள் மெயில்டிரை வேறொரு வட்டுக்குப் பிரதி எடுத்துவிட்டு, முக்கியமில்லாத ஒரே ஒரு ஃபோல்டரில் இருவழியைத் திறந்து, கைப்பேசியில் போய்ச் சரிபாருங்கள்.