ஊர்ப் பெயரை வாங்கப் போன கதை

மூன்றாம் ஆண்டு மாணவர், கணிப்பொறியியல் பிரிவு



எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாக்கெட் போடும் வேலை பார்க்கிறார். சென்ற லீவில் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது முதலாளி அண்ணாச்சி பிடித்துக்கொண்டார். "தம்பி, நீ கம்ப்யூட்டர்தான படிக்கே? நம்ம மிட்டாய இன்டர்நெட்ல விக்க ஒரு பேரு வாங்கிக் குடு." அம்மா பக்கத்தில் நிற்கும்போது தெரியாது என்றா சொல்ல முடியும்? தலையை ஆட்டிவிட்டு வந்து, அதற்குப் பிறகுதான் படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

இன்டர்நெட்டில் கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்கின்றன. நமக்கு எண் ஞாபகம் இருக்காது என்பதால் டொமைன் பெயர். அதை வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும். கடைசியில் வருவது டாட் காம், டாட் இன் போன்ற பெரிய பிரிவு. அதற்கு இடப்பக்கம் இருப்பதுதான் நாம் வாங்குவது. வாங்குவது என்று சொல்வதே தப்பு, அது வாடகை. முதலில் கேட்டவருக்குக் கிடைக்கும். கெடு முடிந்து பணம் கட்டாவிட்டால் வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம்.

இதில் ஊர் இரண்டு விதமாக வியாபாரம் ஆகிறது. ஒன்று, புள்ளிக்கு வலப்பக்கம் இருக்கும் நாட்டுக் குறியீடு. கரீபியன் கடலில் அங்குவில்லா என்று ஒரு தீவு, சுமார் 16,000 பேர். 1995-இல் அதற்குக் கிடைத்த குறியீடு 'ஏ.ஐ.' செயற்கை நுண்ணறிவுக்கும் ஆங்கிலத்தில் அதே இரண்டு எழுத்து! 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்ததும் உலகத்துக் கம்பெனிகள் எல்லாம் அந்தக் குறியீட்டுக்கு ஓடின. 2023-இல் மட்டும் தீவுக்கு ஏறக்குறைய 3.2 கோடி அமெரிக்க டாலர் வந்தது. அரசு வருமானத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. பசிபிக்கில் உள்ள துவாலு நாட்டுக்கு 'டி.வி.' விழுந்தது. அந்தக் காசில்தான் 2000-இல் ஐ.நா.வில் சேர்ந்தார்கள். நம் ஊருக்கு அப்படி அதிர்ஷ்டம் இல்லை.

இரண்டாவது வழி எங்களுக்கு வேண்டியது: ஊர்ப் பெயரையும் சரக்கின் பெயரையும் சேர்த்து எழுதுவது. கம்பெனி பெயரே தெரியாத சென்னைக்காரர்கூட கோவில்பட்டி கடலைமிட்டாய் என்றுதான் தேடுவார். ஆனால் ஊர்ப் பெயர் யாருக்குச் சொந்தம்? ஸ்பெயினின் பார்சிலோனா நகராட்சிக்கு இந்தக் கேள்வி கோர்ட் வரை போனது. அந்த நகரின் பெயரை டாட் காமில் ஒரு தம்பதியர் 1996-இலேயே பதிந்துவிட்டார்கள். 2000-இல் நடுவர் குழு நகராட்சி பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2003-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமோ, வெறும் ஊர்ப் பெயர் அந்நாட்டுச் சட்டப்படி டிரேட்மார்க் ஆகாது என்று சொல்லி அதைப் புரட்டிவிட்டது. அவ்வளவு பெரிய நகரத்துக்கே அந்தக் கதி.

எங்கள் மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆகவே வேறு எங்கோ கிண்டியதைக் கோவில்பட்டி மிட்டாய் என்று விற்றால் வழக்குப் போடலாம். ஆனால் பெயரை மட்டும் பதிந்து சும்மா வைத்திருப்பவரை அது தானாக அசைத்துவிடாது. இதை நான் அனுபவத்தில் தெரிந்துகொண்டேன். நாங்கள் முதலில் நினைத்த பெயரை அடித்தால், வெறும் பக்கத்தில் 'விற்பனைக்கு' என்று ஒரு வரி, கீழே டாலரில் விலை. ரூபாயில் கணக்குப் போட்டேன். அம்மாவின் பல மாதச் சம்பளம். "நம்ம ஊரு பேர நம்மகிட்டயே விக்கானா?" என்றார் அம்மா. எனக்குப் பதில் வரவில்லை.

பிறகு எழுத்துக்கூட்டல் தொல்லை. ஆங்கிலத்தில் கோவிலுக்கு 'வி' போட்டும் எழுதுகிறார்கள், போடாமலும் எழுதுகிறார்கள். மிட்டாய்க்கு எத்தனை 'டி' என்று கம்பெனிக்குள்ளேயே சண்டை. தமிழிலேயே 'டாட் இந்தியா' என்று முடியும் பெயரும் வாங்கலாம் என்றதும் அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம். ஆனால் போனில் தமிழில் தட்டாதவர்கள் நிறைய. அதனால் கம்பெனி பெயரை முன்னால் போட்டு, ஊரைப் பின்னால் சேர்த்து, டாட் இன்னில் பதிந்தோம். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். பெயரில் ஊர் இருப்பதால் ஆள் அந்த ஊரில் இருக்கிறார் என்று அர்த்தமில்லை. டாட் இன் பெயரை வெளிநாட்டுக்காரரும் வாங்கலாம். டொமைன் பதிவில் அட்சரேகை, தீர்க்கரேகை எழுத 1996-லேயே ஒரு முறை வகுத்திருக்கிறார்கள். நானும் ஆசையாக நிரப்பினேன். யாரும் சரிபார்க்கப் போவதில்லை, பொய்யாகவும் எழுதலாம். அதனால் பக்கத்தில் தெரு முகவரி, உணவு உரிம எண், பாகு காய்ச்சும் போட்டோ மூன்றையும் போட்டேன். புவிசார் குறியீட்டில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதியச் சொல்லி அண்ணாச்சியிடம் இன்னும் நச்சரித்துக்கொண்டிருக்கிறேன்.

பெயர் அண்ணாச்சி பேரில்தான் இருக்கிறது. அடுத்த வருஷம் நான் வேலை தேடி எந்த ஊரில் இருப்பேனோ தெரியாது. பணம் கட்ட வேண்டிய தேதியைக் கம்பெனிச் சுவரில், வெல்ல மூட்டைக் கணக்குக்குப் பக்கத்தில், அம்மா கரியால் எழுதி வைத்திருக்கிறார்.