கறுப்பா, சிவப்பா? தேவன் பார்க்கிற பார்வை

தியானப் பகுதி: உன்னதப்பாட்டு 1:5,6; எண்ணாகமம் 12; அப்போஸ்தலர் 13:1-3



பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் குழந்தை பிறந்தால், "ஆணா, பொண்ணா?" என்று கேட்பார்கள். அடுத்த கேள்வி, "கலரா இருக்கா?" பெண் பார்க்கப் போகும்போதும் அதே கேள்விதான். வேதம் இதற்கு என்ன பதில் சொல்லுகிறது?

1. கறுப்பு வெட்கமல்ல

உன்னதப்பாட்டின் மணவாட்டி தான் கறுப்பு என்பதை ஒளிக்கவில்லை. அதே மூச்சில் தான் அழகி என்றும் சொல்லுகிறாள். திராட்சத்தோட்டக் காவல் வேலையில் வெயில் பட்டுக் கறுத்தவள் அவள். நம் தாய்மாரும் ஏரித் தண்ணீரில் நின்று கையால் இறால் பிடிக்கிறார்கள். மேலேயும் வெயில், தண்ணீரில் பட்டுத் திரும்புகிற வெயில் வேறே. நம்முடைய தோலில் மெலனின் என்ற நிறப்பொருள் உண்டு. வெயில் கூடினால் உடம்பு அதை அதிகமாய் உண்டாக்கி, சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கிறது. உழைக்கிறவனுக்குத் தேவன் தோலிலேயே பிடித்த குடை அது!

2. வெட்கத்தை விற்கிற வியாபாரம்

1975-ல் "ஃபேர் அண்ட் லவ்லி" கிரீம் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. இப்படிப்பட்ட கிரீம்களுக்கு டி.வி.யில் வந்த விளம்பரக் கதை பெரும்பாலும் ஒன்றுதான்: கறுத்த பெண்ணுக்கு வேலை கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது, கிரீம் பூசினாள், எல்லாம் கிடைத்தது. கறுத்தவர்களைத் தாழ்வாகக் காட்டக்கூடாது என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2014-ல் விதி வகுத்தது. 2020-ல் அந்தக் கிரீமின் பேர் "க்ளோ அண்ட் லவ்லி" என்று மாறினது. பேர் மாறினது, நம்முடைய கேள்வி மாறினதா? இப்பொழுது செல்போனில் ஒரு தட்டு தட்டினால் போட்டோவில் முகம் வெளுக்கிறது. அதைப் பார்த்துப் பழகின பிள்ளைக்குக் கண்ணாடியில் தெரிகிற சொந்த முகமே பிடிக்காமல் போகிறது.

ஆபத்தும் உண்டு. சீக்கிரம் வெளுக்க வைக்கிற சில கிரீம்களில் பாதரசம் கலந்திருக்கிறது; அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில், இப்படிப்பட்ட கிரீம் பூசினவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்ததை 2023-ல் டாக்டர்கள் வெளியே சொன்னார்கள்.

3. சபைக்குள் வந்த அளவுகோல்

எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சிக்கு நிறத்தைச் சொல்லியே மூன்று வரன் தட்டிப்போனது. முன்வரிசையில் பாடிக்கொண்டிருந்த பிள்ளை, பின்வரிசைக்குப் போய்விட்டாள். அந்த மூன்று வீடும் விசுவாசிகளின் வீடு! நகையைக் கழற்றிவிட்டோம் என்று சாட்சி சொல்லுகிறோமே, நிறத்தின் மேலுள்ள ஆசையை எப்போது கழற்றப்போகிறோம்?

மோசே விவாகம்பண்ணின எத்தியோப்பிய ஸ்திரீயினிமித்தம் மிரியாம் பேசினாள். கர்த்தர் அதை வீட்டுப் பேச்சு என்று விட்டுவிடவில்லை. மிரியாம் 7 நாள் பாளயத்துக்குப் புறம்பே இருந்தாள்; அவள் திரும்புமட்டும் ஜனங்கள் எல்லாரும் பிரயாணம் பண்ணாமல் காத்திருந்தார்கள். ஒரு வீட்டுப் பேச்சு ஒரு சபையின் எழுப்புதலையே நிறுத்தும்!

அந்தியோகியா சபையைப் பாருங்கள். அங்கே இருந்த சிமியோனுக்கு நீகர் என்ற பேர் உண்டு. கறுப்பு என்பது அதின் பொருள். தீர்க்கதரிசிகளும் போதகர்களுமானவர்களில் அவர் ஒருவர். பரிசுத்த ஆவியானவர் பேசினபோது, பர்னபாவையும் சவுலையும் கைவைத்து அனுப்பின கூட்டத்தில் அவரும் இருந்தார்.

4. நம்முடைய விலை

நம்முடைய ஆண்டவரிடத்தில் கண்ணைக் கவருகிற அழகு இல்லை என்று ஏசாயா 53:2 சொல்லுகிறது. அவர் சிந்தின இரத்தமே நமக்குக் கொடுக்கப்பட்ட விலை. அதைப் பார்த்தபின்பு 10 ரூபாய் பாக்கெட்டா நம்முடைய மதிப்பைக் கூட்டப்போகிறது?

ஆகவே பெற்றோரே, பிள்ளையை "கருவாச்சி" என்று விளையாட்டுக்கும் கூப்பிடாதீர்கள். பெண் பார்க்கிறவர்களே, பக்தியை விசாரியுங்கள், நிறத்தை விசாரிக்காதீர்கள். பேர் தெரியாத கிரீம் பூசுகிற தங்கச்சிகளே, அதை டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற மகளே, முன்னே வா. உன் இடம் காலியாயிருக்கிறது.

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.