கீசர் தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டாதபோது: படிப்படியாகக் காரணம் கண்டறிதல்

சென்னையை அடுத்த கேளம்பாக்கம் வட்டாரத்தில் கீசர் தண்ணீர் சரியாகச் சுடாமல் போவதற்குப் பின்னால் பெரும்பாலும் இரண்டு விஷயங்களில் ஒன்று இருக்கும். முதலாவது தண்ணீர். ஊரை ஒட்டி உப்பளங்களும் கழிமுகமும் இருக்கின்றன. கோவளம் கடற்கரையும் அருகில்தான். அதனால் பல இடங்களில் போர் தண்ணீரில் உப்பும் கடினத்தன்மையும் அதிகம். லாரித் தண்ணீரின் தன்மையோ அது எடுக்கப்படும் கிணற்றைப் பொறுத்து மாறும். இரண்டாவது குழாய் இணைப்பு. அடுக்குமாடி வீடுகளில் சுடுநீரும் குளிர்நீரும் ஒரே மிக்சரில் கலக்கின்றன. அந்த மிக்சர் பழுதானால், கீசரே பழுதானது போலத் தோன்றும்.

ஆகவே புதிய காயிலுக்கோ புதிய கீசருக்கோ செலவழிக்கும் முன், வெளியிலிருந்து தொடங்கி உள்ளே போகும் வரிசையில் சோதிக்க வேண்டும். கீழ்க்காணும் படிகளில் முதல் ஐந்துக்கு மூடியைக் கழற்ற வேண்டியதில்லை.

1. கொள்ளளவைக் கணக்கிடுதல்

15 லிட்டர் கீசரில் 60 டிகிரி செல்சியஸுக்குச் சூடான தண்ணீரை 28 டிகிரி குழாய்த் தண்ணீரோடு கலந்தால், 40 டிகிரியில் ஏறத்தாழ 40 லிட்டர் குளிநீர் கிடைக்கும். அதாவது இரண்டு பெரிய வாளி. நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டும் ஷவரில் அது ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். முதல் ஆள் குளித்தபின் அடுத்தவருக்கு வெதுவெதுப்பாக வந்தால் அது கோளாறு அல்ல, கொள்ளளவு போதவில்லை.

3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசரின் கணக்கு வேறு. 3,000 வாட் காயில், நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடும் தண்ணீரைச் சுமார் 14 டிகிரி மட்டுமே உயர்த்தும்; 6 லிட்டர் ஓடினால் 7 டிகிரிதான். குழாயைக் குறைவாகத் திறப்பதே அங்கு தீர்வு.

2. வெப்ப அளவைப் பார்த்தல்

கீசரின் அடியிலோ முன்புறத்திலோ உள்ள குமிழ் குறைந்த அளவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். 60 டிகிரியை ஒட்டி வைப்பது நல்லது. நீண்ட நேரம் வெதுவெதுப்பாகத் தேங்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரக்கூடும். அதே சமயம் 60 டிகிரி தண்ணீர் சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும் என்பதால், குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டில் வாளியில் முதலில் குளிர்நீரைப் பிடித்து, பிறகு சுடுநீரைக் கலக்க வேண்டும்.

3. குளிர்நீர் குறுக்கே பாய்கிறதா என்று சோதித்தல்

இதுதான் பலரும் தவறவிடும் சோதனை. கீசரை அணைத்துவிட்டு, அதற்குள் தண்ணீர் போகும் ஆங்கிள் காக்கை இறுக மூட வேண்டும். பிறகு சுடுநீர்க் குழாயை மட்டும் திறக்க வேண்டும். குழாயில் தங்கியிருந்த தண்ணீர் கொஞ்சம் வடிந்து நின்றுவிட்டால் இணைப்பு சரி. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், அந்தத் தண்ணீர் கீசர் வழியாக வரவில்லை. ஏதோ ஒரு மிக்சரில் குளிர்நீர் சுடுநீர்ப் பாதைக்குள் புகுகிறது. அது சூடான தண்ணீரோடு கலந்து எல்லாவற்றையும் வெதுவெதுப்பாக்கிவிடும்.

கைஷவரின் நுனியில் மட்டும் தண்ணீரை நிறுத்திவிட்டு, மிக்சரின் இரண்டு பக்கத்தையும் திறந்தே விடுவது இதற்கு ஒரு காரணம். தேய்ந்த கார்ட்ரிட்ஜ் அல்லது ஸ்பிண்டில் மற்றொன்று. ஒரே கீசர் இரண்டு குளியலறைக்கும் சமையலறைக்கும் போகும் வீட்டில், ஒவ்வொரு மிக்சராக அதன் குளிர்நீர் வரத்தை அடைத்துப் பார்த்தால் பழுதானது எது என்று தெரிந்துவிடும். அதில் கார்ட்ரிட்ஜை மாற்றினால் போதும். கீசரைத் தொட வேண்டியதில்லை.

பொருத்திய நாளிலிருந்தே தண்ணீர் சரியாகச் சுடவில்லை என்றால், குழாய்கள் இடம் மாறியிருக்கலாம். நீல அடையாளத்தில் குளிர்நீர் உள்ளே போக வேண்டும். சிவப்பு அடையாளத்தில் சுடுநீர் வெளியே வர வேண்டும்.

4. விளக்கையும் நேரத்தையும் கவனித்தல்

15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 2,000 வாட் கீசருக்குச் சுமார் 17 நிமிடம் பிடிக்கும். குளிர்ந்த தண்ணீர் நிறைந்த நிலையில் கீசரைப் போட்டு, சூடேறுவதைக் காட்டும் விளக்கு எப்போது அணைகிறது என்று பார்க்க வேண்டும். இந்த நேரத்தில் எந்தக் குழாயையும் திறக்கக் கூடாது.

விளக்கு ஐந்தாறு நிமிடத்திலேயே அணைந்து, தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருந்தால், தெர்மோஸ்டாட் முன்கூட்டியே மின்சாரத்தைத் துண்டிக்கிறது. அரை மணி நேரத்துக்கு மேலும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், போதிய மின்சாரம் காயிலுக்குப் போகவில்லை அல்லது குளிர்நீர் எங்கோ கலக்கிறது. விளக்கே எரியவில்லை என்றால் பிளக், எம்.சி.பி., சூடு மிஞ்சும்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சரியான நேரத்தில் அணைந்தும், சுடுநீர் சீக்கிரமே தீர்ந்துபோனால், டாங்கின் உள்ளே இருக்கும் நீண்ட சுடுநீர்க் குழாய் உடைந்து, மேலிருந்து எடுக்க வேண்டிய தண்ணீரைக் கீழிருந்து எடுக்கிறது எனலாம்.

5. மீட்டரைக் கொண்டு மின்சாரத்தை அளத்தல்

வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, குளிர்ந்த நிலையில் கீசரை மட்டும் போட வேண்டும். 2,000 வாட் கீசர் கால் மணி நேரத்தில் அரை யூனிட் இழுக்க வேண்டும். மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 3,200 துடிப்பு என்று அச்சிட்டிருந்தால், சிவப்பு விளக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 107 முறை சிமிட்ட வேண்டும். கணக்கு ஒத்துப்போனால் காயிலில் குறையில்லை.

எண்ணிக்கை குறைந்தால் மின்னழுத்தம் தாழ்ந்திருக்கலாம். 230 வோல்ட் 190 ஆகத் தாழும்போது 2,000 வாட் காயில் 1,365 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும். 17 நிமிட வேலைக்கு 25 நிமிடம் ஆகும். 16 ஆம்பியர் பிளக்கின் முனை கறுத்தோ, சாக்கெட் உருகியோ இருந்தால் அதை உடனே மாற்ற வேண்டும்.

6. உள்ளே இருக்கும் பாகங்களைச் சோதித்தல்

இனி மூடியைக் கழற்ற வேண்டும். இந்த வேலை எலக்ட்ரீஷியனுக்கு உரியது. சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, எம்.சி.பி.யை இறக்கி, மின்சாரம் இல்லை என்பதை டெஸ்டரால் உறுதி செய்த பிறகே கை வைக்க வேண்டும்.

வயர்களைக் கழற்றி மல்ட்டிமீட்டரால் அளந்தால், 2,000 வாட் காயில் சுமார் 26 ஓம் காட்டும். காயில் படிப்படியாக வலுவிழப்பது அரிது. பெரும்பாலும் அறுந்து முழுதாக நின்றுபோகும். எனவே ஒரே காயில் உள்ள கீசர் வெதுவெதுப்பாகத் தருகிறது என்றால், “காயில் வீக் ஆகிவிட்டது” என்ற பேச்சை ஓம் அளவைக் காட்டச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு காயில் உள்ள மாடலில் ஒன்று அறுந்திருக்கலாம். காயிலுக்கும் கீசரின் உலோக உடலுக்கும் இடையே மீட்டர் தொடர்பைக் காட்டினால் அந்தக் காயிலை மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

கட்-அவுட் அடிக்கடி விழுந்தால் தெர்மோஸ்டாட்டை மாற்ற வேண்டும். கட்-அவுட்டைத் தவிர்த்து நேரடியாக வயர் கொடுப்பது உயிருக்கே ஆபத்து. வெப்பமும் அழுத்தமும் கட்டுமீறி டாங்க் வெடிக்க நேரலாம்.

7. உப்புப் படிவை அகற்றுதல்

குடிநீருக்கான இந்தியத் தர அளவான ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரையும் வைத்திருக்கிறது. கடின நீர் சூடாகும்போது சுண்ணாம்பு பிரிந்து காயிலின் மீது வெள்ளை ஓடாகப் படிகிறது. அந்த ஓடு காயிலின் சூட்டைப் பிடித்துவைப்பதால், பக்கத்திலேயே இருக்கும் தெர்மோஸ்டாட் டாங்க் முழுதும் சுட்டுவிட்டதாக எண்ணித் துண்டித்துவிடும். நான்காம் படியில் விளக்கு சீக்கிரம் அணைந்ததற்கு இந்த வட்டாரத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

தண்ணீர் ஆறியபின் ஆங்கிள் காக்கை மூடி, சுடுநீர்க் குழாயைத் திறந்துவைத்து, டாங்கை வடிக்க வேண்டும். நட்டுகளைக் கழற்றி, காயில் பொருந்திய தட்டை வெளியே எடுத்து, படிவை மரக்குச்சியாலோ பிளாஸ்டிக்காலோ சுரண்ட வேண்டும். மிச்சத்தை வினிகரிலோ சிட்ரிக் அமிலக் கரைசலிலோ ஊறவைத்துக் கழுவலாம். கழிப்பறை ஆசிட் ஆகாது. அது உலோகத்தை அரிக்கும். டாங்கின் அடியில் குவிந்த தூளையும் அலசி வெளியேற்ற வேண்டும். டாங்க் அரிக்காமல் காக்கும் மெக்னீசியம் ராடு கரைந்து கம்பியாகியிருந்தால் புதிது போட வேண்டும்.

புதிய கேஸ்கட் வைத்து மூடியபின், சுடுநீர்க் குழாயில் காற்றில்லாமல் சீராகத் தண்ணீர் வரும்வரை நிரப்பிய பிறகே கீசரைப் போட வேண்டும். காலி டாங்கில் போட்டால் காயில் எரிந்துவிடும்.

8. மீண்டும் வராமல் காத்தல்

கடின நீர் வரும் வீட்டில் ஆண்டுக்கு ஒருமுறை, மார்கழிக் குளிருக்கு முன் சுத்தம் செய்து, ராடையும் பார்ப்பது நல்லது. அடுக்குமாடியில் சாஃப்ட்னர் இருந்தால் சுண்ணாம்புப் படிவு குறையும். ஆனால் அது தண்ணீரின் உப்பை நீக்குவதில்லை. டாங்கை அரிக்கும் குளோரைடு அப்படியே இருப்பதால் ராடைக் கவனிப்பது அப்போதும் தேவை.

டாங்கே ஒழுகினால் அதைப் பற்றவைத்துப் பயனில்லை; மாற்ற வேண்டியதுதான். வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை, கண்ணாடிப்பூச்சுள்ள டாங்க், கழற்றி மாற்றக்கூடிய மெக்னீசியம் ராடு, கடின நீரைத் தாங்கும் காயில் ஆகியவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்.