வேங்கை இல்லாக் காட்டில் மான்

விலங்கியல் மாணவர் குழுவுடன் அந்தமானுக்குக் கல்விப் பயணம் சென்றிருந்தேன். 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப்படும் பழைய ராஸ் தீவில், வெள்ளையர் விட்டுச்சென்ற இடிந்த மாளிகைகளினூடே புள்ளிமான்கள் அச்சமின்றித் திரிந்தன. ஒரு பிணைமான் என் கையிலிருந்த பழத்தோலை வாங்கித் தின்றது. உள்ளம் நெகிழ்ந்து நின்றேன்.

உடன் வந்த வனக்காவலர் தமிழர். இராமநாதபுரத்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்த முதியவர். "மானைப் பார்த்துவிட்டீர்கள் தம்பி, அது நிற்கிற மண்ணையும் கொஞ்சம் பாருங்கள்" என்றார். பார்த்தேன். ஓங்கிய மரங்கள் இருந்தன. அவற்றின் அடியில் முழங்கால் உயரக் கன்று ஒன்றேனும் என் கண்ணில் படவில்லை. தாத்தாவும் பாட்டியும் மட்டும் இருந்து, குழந்தையே இல்லாத வீடு போலிருந்தது அந்தக் காடு.

காரணம் என்ன? புள்ளிமான் இத்தீவுகளுக்கு உரிய விலங்கன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வேட்டைப் பொழுதுபோக்கிற்காக ஆங்கிலேயர் கப்பலேற்றிக் கொண்டுவந்தது. நம் முதுமலையில் மானுக்குப் புலியுண்டு, சிறுத்தையுண்டு, செந்நாயுண்டு. அந்தமான் காட்டில் அவை இல்லை. உவர்நீர் முதலை உண்டு எனினும், அதன் ஆட்சி நீர்க்கரையோடு நின்றுவிடும். ஜாரவா மக்கள் காட்டுப்பன்றியை வேட்டையாடுவர்; மானை உண்பது அவர்கள் மரபன்று. ஆகவே மான் பெருகிற்று. கடலை நீந்தித் தீவு விட்டுத் தீவும் சென்றது.

பெருக்கத்தைத் தடுக்க 1950களின் தொடக்கத்தில் இரண்டு சிறுத்தைகளைக் கொணர்ந்து விட்டனர். இரண்டும் பெண் சிறுத்தைகள்! இனம் எங்ஙனம் பெருகும்? ஒரு பிழையைத் திருத்த மற்றொரு பிழை.

இன்டர்வியூ தீவின் கதையும் இத்தகையதே. மரம் இழுக்க யானைகளைக் கொண்டுசென்ற நிறுவனம் 1962இல் தொழிலை மூடியபோது, சுமார் 40 யானைகளை அங்கேயே விட்டுச் சென்றது. யானை மரத்தைச் சாய்க்கும். மான் கன்றை மேயும். முதிர்ந்த மரம் விழ, அவ்விடத்தை நிரப்ப இளமரம் எழாது போயிற்று. சூழலியலார் ரவூஃப் அலி இதனை ஆராய்ந்து 2004இல் எழுதினார். கேடு மரத்தோடு நிற்கவில்லை. கீழ்ச்செடிகள் குறைந்த இடத்தில், அவற்றை நம்பி வாழும் ஓணான், அரணை போன்ற பல்லியினங்களும் குறைவதை 2016இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது.

இனிச் செய்வது யாது? 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. நம் நாட்டு விலங்குகள் பல பிழைத்திருப்பதற்கு அச்சட்டம் ஒரு காரணம் என்பதை மறத்தலாகாது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் ஊறு செய்யும் அயலினங்களைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் இந்தியாவுக்கு உரியதல்லாததே அயலினம் என்பது அதன் வரையறை. புள்ளிமானோ இந்தியாவுக்கு உரியது. அந்தமானுக்கு மட்டுமே அயல். நாட்டின் எல்லை வேறு, இயற்கையின் எல்லை வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? எனினும், அரசின் அனுமதி பெற்று, கொல்லாமலே எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தவும் வேறிடம் பெயர்க்கவும் சட்டத்தின் 12ஆம் பிரிவு வழி வகுக்கிறது. அவ்வழி செலவும் உழைப்பும் மிக்கது. ஆயினும், முதலில் சிறு தீவு ஒன்றில் தொடங்கிப் பார்க்கலாம் என்பது என் கருத்து.

விடைபெறும்போது முதியவரிடம், "மான்மீது உங்களுக்கு இரக்கமில்லையா ஐயா?" என்று கேட்டேன். "இருக்கிறது தம்பி. முளைக்காத மரத்துக்கும் யாராவது இரங்க வேண்டாமா?" என்றார்.

அன்பர்களே, கண்முன் நிற்கும் மானுக்கு இரங்குதல் எளிது. கண்ணுக்குத் தெரியாத கன்றுக்கும் சேர்த்து இரங்கும் அறிவையே நாம் கற்க வேண்டும்.