கட்டடத்தின் குளிர்ச்சியும் மின்கட்டணமும்

சென்னையைப் போலவோ நாகப்பட்டினத்தைப் போலவோ கடற்காற்று வீசும் ஓர் ஊரில், நாலைந்து மாடி ஜவுளிக்கடையையோ ஹோட்டலையோ அலுவலகக் கட்டடத்தையோ நிர்வகிக்கும் பொறுப்பில் இருப்பவரிடம் ஒரு வாடிக்கையாளர் வந்து, "உள்ளே ஒரே புழுக்கமாக இருக்கிறதே, ஏசி ஓடுகிறதா இல்லையா?" என்று கேட்டுவிட்டால், அவர் முதலில் செய்கிற காரியம் தெர்மோஸ்டாட்டை 24 டிகிரியிலிருந்து 20க்கு இறக்கிவிடுவதுதான். அரைமணி நேரத்துக்குள், குளிர்காற்று நேரே விழும் இடத்தில் நிற்கிற விற்பனைப் பெண்கள் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்கிறார்கள். வாசலண்டை நிற்பவர்களுக்கோ புழுக்கம் தீரவில்லை. மாதம் முடிந்து வருகிற பில் மட்டும் ஏறியிருக்கிறது. இந்தச் சங்கடத்தைப் பல கட்டடங்களில் கண்ட பிறகே இதை எழுதுகிறேன். கடற்கரை ஊர்களில் புழுக்கத்துக்குப் பிரதான காரணம் உஷ்ணம் அன்று, காற்றிலுள்ள ஈரம். அந்த ஈரம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று கண்டுபிடிப்பதற்கு முன்னால் தெர்மோஸ்டாட்டில் கைவைக்கக் கூடாது. 1902ஆம் ஆண்டு நியூயார்க் நகரத்துப் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் கேரியர் வகுத்த குளிர்சாதன அமைப்புங்கூட, ஆட்களுக்குக் குளிர்ச்சி தருவதற்காக ஏற்பட்டதன்று. ஈரத்தால் காகிதம் விரிந்தும் சுருங்கியும் வர்ணங்கள் பொருந்தாமல் போவதைத் தடுக்கவே ஏற்பட்டது.

ஆயத்த வேலைகள் உங்களுக்குத் தெரிந்தவையே: பன்னிரண்டு மாத பில்களை ஒரு கோப்பில் சேர்த்து, ஃபில்டர்களையும் காயில்களையும் சுத்தம் செய்து, தளத்துக்கு ஒன்றாக ஈரப்பத மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிய மீட்டர்களை ஒருநாள் முழுதும் ஒரே மேஜைமேல் வைத்து, ஒன்றோடொன்று ஒத்துக் காட்டுகின்றனவா என்று பார்த்த பிறகு, வெயிலும் ஏசிக் காற்றும் நேரே படாத தூணில் ஆள் உயரத்தில் மாட்டவேண்டும். 25 டிகிரி உஷ்ணமும் 55 சதவீத ஈரப்பதமும் இருந்தால் பெரும்பாலோர்க்கு அது சௌகரியமான நிலை. 60 சதவீதத்துக்கு மேல் நிற்கிற தளம் எதுவோ அங்கே வேலையை ஆரம்பியுங்கள்.

இனி வருவதுதான் எல்லாரும் தடுமாறுகிற இடம். கூட்டம் நிறைந்து, சமையலறை நடந்து, கழிவறை எக்ஸாஸ்ட் ஃபேன்கள் எல்லாம் சுழலுகிற மாலை வேளையில், ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போங்கள். கதவை இரண்டு விரற்கடை மட்டும் திறந்து வைத்து, அந்த இடுக்கில் முதலில் கணுக்கால் உயரத்திலும் பிறகு தலைக்கு மேலும் ஊதுபத்தியைப் பிடித்து, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பொறுமையாகப் பாருங்கள். புகை இரண்டு உயரத்திலும் உள்நோக்கியே இழுபட்டால், உங்கள் கட்டடம் வெளிக்காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்லலாம். வாசலோடு நின்றுவிடாமல் மொட்டைமாடிப் படிக்கதவிலும், லிஃப்ட் இயந்திர அறையிலும், குழாய்களும் கேபிள்களும் ஏறிச் செல்லும் துவாரங்களிலும் இதையே செய்து பார்க்கவேண்டும்; ஏனெனில் குளிர்ந்த காற்று கனமானதால் மாடிப்படி வழியாக இறங்கிக் கீழ்வாசலில் வெளியேறுகிறது, அது விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப மேல்மாடி இடுக்குகளின் வழியாக வெயிற்காற்று நுழைகிறது. வாசலில் புகை வெளிநோக்கிச் சாய்வதைக் கண்டு திருப்தியடைந்து திரும்பிவிடுகிறவர்கள், மேல்மாடியில் நடப்பதை அறிவதே இல்லை.

இந்த உறிஞ்சலின் விலை என்ன என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது அவசியம். வெளியே 32 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் இருக்கிற ஒரு நாளில், உள்ளே மேற்சொன்ன சௌகரிய நிலையை வைத்திருக்க விரும்பினால், உள்ளே புகும் ஒவ்வொரு கிலோ காற்றிலிருந்தும் சுமார் 10 கிராம் தண்ணீரைப் பிரித்தெடுக்கவேண்டும். மணிக்கு 1000 கன மீட்டர் காற்றை வெளியே தள்ளும் ஒரே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், அதே அளவு வெளிக்காற்றை இடுக்குகளின் வழியாக உள்ளே இழுக்கிறபோது, அதனோடு மணிக்குப் பதினொரு லிட்டருக்கு மேல் தண்ணீரையும் கொண்டுவந்து சேர்க்கிறது. அந்த ஈரத்தையும் உடன்வந்த உஷ்ணத்தையும் நீக்குவதற்கு ஏறக்குறைய மூன்று டன் ஏசி வேண்டியிருக்கிறது.

இதை நேரில் காண விரும்புகிறவர்கள் ஏர் ஹாண்ட்லரின் டிரெயின் குழாயின் கீழே ஒரு வாளியை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, ஒரு மணி நேரத்தில் எத்தனை லிட்டர் சேருகிறது என்று அளக்கலாம். ஐந்து லிட்டருக்கு ஒரு டன் வீதம் உங்கள் இயந்திரம் தண்ணீரைப் பிரிப்பதற்கே உழைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் ஓட ஆரம்பித்து ஒரு மணி நேரம் கழிந்த பிறகே வாளியை வைக்கவேண்டும். கடை திறப்பதற்கு முன் கதவுகளை மூடி எக்ஸாஸ்ட்களை நிறுத்தி ஒருமுறையும், வியாபார நேரத்தில் ஒருமுறையும் அளந்து, வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நின்றும் நடந்தும் துணி பார்க்கிற நூறு பேர் மணிக்கு எட்டு லிட்டர் அளவுக்கு வியர்வையாலும் மூச்சாலும் ஈரம் விடுவார்கள். அதைக் கழித்துவிட்டு மிஞ்சுவது, வெளியிலிருந்து வந்த தண்ணீர்.

பரிகாரத்தில் வரிசை முக்கியம். முதலில் மேல்மாடி, பிறகு எக்ஸாஸ்ட், கடைசியில்தான் வாசல். வாசலிலிருந்து ஆரம்பித்துப் பணத்தைச் செலவிடுகிறவர்களுக்கு மேலே சொன்ன இடுக்குகள் அப்படியே இருந்து பலனைக் கெடுத்துவிடும். மொட்டைமாடிக் கதவுக்குத் தானாக மூடும் டோர் குளோஸரும் விளிம்பெல்லாம் ரப்பர் பட்டியும் போடுங்கள்; குழாய்த் துவாரங்களை அடையுங்கள். கழிவறை எக்ஸாஸ்டைக் கடை மூடியவுடன் நிற்கும்படி டைமரில் இணையுங்கள். சமையலறைப் புகைக்கூண்டுக்கு அதன் அருகிலேயே வெளிக்காற்றைத் தனிக் குழாயில் கொண்டுவந்து விடவேண்டும். சாப்பாட்டுக்கூடத்தில் குளிரவைத்த காற்றை அடுப்புப் புகையோடு சேர்த்து வெளியே அனுப்புவதைப்போல வீண் செலவு வேறில்லை. வாசலில் ஏர் கர்ட்டன் வைப்பதானால் கதவின் அகலம் முழுவதையும் அது மூடவேண்டும், காற்று தரைவரை எட்டவேண்டும், முனை சிறிது வெளிநோக்கிச் சாய்ந்திருக்கவேண்டும். இடமிருந்தால் இரட்டைக் கதவே மேல், ஏர் கர்ட்டன் இரண்டாம் பட்சம் என்பது என் அபிப்பிராயம். ஒரு கதவு மூடிய பிறகே அடுத்தது திறக்கும்படி இரண்டுக்கும் இடையில் தூரம் விடவேண்டும்.

இங்கே ஒரு பெரிய தவறான சிக்கனத்தைத் தடுக்கவேண்டியிருக்கிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்தலாம் என்று வெளிக்காற்று டாம்பரை முழுக்க மூடிவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. டாம்பர் மூடியதால் எக்ஸாஸ்ட் ஃபேன் இழுப்பதை நிறுத்துவதில்லை. வடிகட்டப்பட்டு, காயிலில் ஈரம் நீங்கி வரவேண்டிய காற்று, கதவிடுக்கு வழியாகத் தூசும் ஈரமுமாக வருகிறது, அவ்வளவே. எக்ஸாஸ்ட் தள்ளுவதைவிடச் சிறிது அதிகமான வெளிக்காற்று ஏர் ஹாண்ட்லர் வழியாக உள்ளே வரும்படி டாம்பரை வைத்தால், இடுக்குகளில் காற்று வெளிநோக்கிப் போகும், ஊதுபத்திப் புகையும் அப்படியே சாயும். கரியமில வாயு மீட்டர் ஒன்று வைத்து, உள்ளே 1000 பிபிஎம்முக்கு மேல் போகாதபடி பார்த்துக்கொள்வது போதும். ஆட்கள் குறைவாக உள்ள காலை வேளையில் எக்ஸாஸ்டையும் டாம்பரையும் சேர்த்தே குறைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் முடிந்த பிறகு தெர்மோஸ்டாட்டிடம் வாருங்கள், ஆனால் இறக்குவதற்காக அன்று, ஏற்றுவதற்காக. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் வாரியத்தின் கணக்கு. 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை பெற்ற ரூம் ஏசிகள் 24 டிகிரியிலேயே ஆரம்பிக்கவேண்டும் என்று விதி ஏற்பட்டதும் அதனால்தான். வாரத்துக்கு அரை டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். மெதுவாக ஏற்றினால் ஒருவரும் குறை சொல்வதில்லை. சீலிங் ஃபேன் மெல்லச் சுழல விட்டால் 26 கூடத் தாங்கும். ஃபேன் மட்டும் ஓடிக் கம்ப்ரஸர் நிற்கிற நேரங்களில் காயிலில் தங்கிய தண்ணீர் மறுபடியும் காற்றோடு கலந்து கூடத்துக்கே திரும்புகிறது. ஆகையால் தனித்தனி ஏசிகள் உள்ள இடங்களில் ஃபேனைக் கம்ப்ரஸரோடு சேர்ந்து நிற்கும்படி ஆட்டோவில் வையுங்கள். தேவைக்கு மேல் பெரிய ஏசி வாங்கினால் அது சீக்கிரம் குளிர்வித்துவிட்டு அடிக்கடி நிற்கும், ஈரமும் நீங்காது. சில்லர் வைத்திருப்பவர்கள் குளிர்நீரின் உஷ்ணத்தை ஏற்றிச் சிக்கனம் செய்யலாம் என்ற யோசனையை மழைக்காலத்தில் கடற்கரை ஊர்களில் கையாளவேண்டாம். குளிர்நீர் 7 டிகிரியில் இருந்தால்தான் ஈரம் ஒழுங்காகப் பிரியும்.

ஃபேன்களுக்கும் பம்புகளுக்கும் விஎஃப்டி போடுவது நல்ல முதலீடு: சுழற்சியை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்சாரம் பாதியளவுக்கு இறங்கிவிடும். கண்டன்ஸர் குழாயில் உப்புப் படிவதை வருஷத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யுங்கள்.

பில்லில் யூனிட்டை மட்டும் பார்க்காமல் டிமாண்ட் வரியையும் படிக்கவேண்டும். காலையில் எல்லா இயந்திரங்களையும் ஒரே சமயத்தில் போட்டுவிடுவதால் மீட்டரில் பதிவாகும் உச்ச டிமாண்ட், அந்த மாதம் முழுவதற்கும் கட்டணமாகிவிடுகிறது. கீழ்த்தளத்தை முதலிலும் மற்றவற்றைக் கால்மணி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகவும் போடச் சொல்லி, அந்த வரிசையைப் பானல் அறைக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டிவையுங்கள். தமிழ்நாட்டில் உயரழுத்த இணைப்பு உள்ளவர்களுக்கு, பதிவான டிமாண்ட் குறைந்தாலும் ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதத்துக்குக் கட்டணம் உண்டு. ஆகையால் ஒரு கோடையும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் கடந்து, உச்ச டிமாண்ட் உண்மையாகவே இறங்கி நிற்கிறது என்று பில்களில் கண்ட பிறகு, ஒப்பந்த அளவைக் குறைக்கும்படி மின்வாரியத்துக்கு விண்ணப்பம் எழுதுங்கள்.